நங்கூரத்தைப் பற்றி மாமா எழுதுவது

பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை
இரும்புத் தீவு அரண்மனை, சமையலறைப் பிரிவு

என் அக்கா பெற்ற ஒரே வக்கீலம்மாவுக்கு, கடலின் மேல் தனியாக அரசாளும் மாமா சகல மரியாதைகளுடனும் எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று இப்போதே சத்தியம் செய்து தருகிறேன். நீ நம்பமாட்டாய். உன் அம்மா முதல் வரியிலேயே "அளக்க ஆரம்பிச்சிட்டான்" என்பாள். எழுதுகிற எனக்கே இரண்டாம் பக்கத்துக்கு மேல் சந்தேகம் வந்துவிடும். ஆகவே நம்பாமலே படி. என் கடிதங்கள் அப்படிப் படிப்பவர்களுக்குத்தான் நன்றாக ஜீரணமாகும்.

இன்று தண்ணீர்ப் படகு வந்து உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. பதில் அடுத்த சனிக்கிழமைதான் போகும். போனில் பேசலாமே என்பாய். போன், படகுக்காரர் வீட்டில் சார்ஜ் ஏறி வாரம் ஒரு முறை வருகிறது. அது உயிரோடு இருக்கும் சில நிமிடங்களும் உன் அம்மா அழுவதற்கே சரியாகப் போய்விடுகிறது.

வழக்கம் போல வக்கீல் மாதிரி மடக்கி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறாய். நான் எப்போது வருவேன் என்பது ஒன்று. அம்மாவை என்ன செய்வது என்பது இரண்டு. நீ படம் வரையும் அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கும் பழைய கல்லறைக் கற்களில் நங்கூரம் வெட்டியிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்பது மூன்று. மூன்றாவதுதான் சுலபம், அதிலிருந்து தொடங்கிவிட்டால் மற்ற இரண்டையும் நீ மறந்துவிடுவாய் என்று திட்டம் போட்டேன். நீ மறக்கிற ஆள் இல்லை. ஆகவே வரிசையாகவே வருகிறேன்.

ஒரு பேரரசர் நினைத்த நேரத்தில் நாட்டை விட்டுக் கிளம்ப முடியாது. என் நாட்டின் நீளம் நூற்றுப் பன்னிரண்டு எட்டு, அகலம் பத்தொன்பது எட்டு. எத்தனை முறை நடந்து அளந்தாலும் ஓர் எட்டுக்கூட வளரமாட்டேன் என்கிறது. முழுக்க இரும்பு. பகல் பதினொரு மணிக்கு டெக்கில் தோசைக்கல் இல்லாமலே தோசை வார்க்கலாம், மாவு இருந்தால். மக்கள்தொகை ஒன்று. எலிகளை நான் மக்களாகச் சேர்ப்பதில்லை, அவை எதிர்க்கட்சி. கரை இங்கிருந்து கூப்பிடு தூரம். கடை வாசலில் சைக்கிள் நிறுத்துகிறவர் பூட்டு போட்டாரா இல்லையா என்றுகூடச் சொல்வேன்.

நான் பேரரசரான கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியாது. பதவி உயர்வு கிடைத்து நான் கேப்டனாகிவிட்டேன், அதனால் லீவு இல்லை என்று அவளிடம் அளந்தது நான்தான். நடந்தது இது. முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டுக் காணாமல் போனார். துறைமுகம் பாக்கிக்காகக் கப்பலைப் பிடித்து வைத்தது. ஆட்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். கேப்டன் பல்வலி என்று கரைக்குப் போனார். அது எந்த ஊர்ப் பல்லோ, பதினொரு மாதமாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் மூன்று பேர்: இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர், கயிற்று வேலைக்காரர், சமையல்காரனாகிய நான்.

அப்போது துறைமுக அலுவலகத்துக் கிளார்க் ஒரு காகிதத்தோடு ஏறி வந்தார். "ஆள் இல்லாம கப்பல விடக்கூடாதுங்க, சட்டம். யாராவது ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும்" என்றார். மற்ற இருவரும் எட்டிப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார்கள். நான் படிக்கவில்லை. பேனாவைப் பிடுங்கினேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும், முழு வரி நீளம், அடியில் படகு மாதிரி ஒரு வளைவு, முடிவில் இரண்டு புள்ளி. முப்பது வருஷமாக அந்தக் கையெழுத்தை வெங்காய மூட்டைச் சீட்டுக்குத் தவிர யாரும் கேட்டதில்லை. ஒரு கப்பலுக்கே கேட்கிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியங்கள் முழங்கின, வானத்திலிருந்து பூ விழுந்தது, நான் போட்டேன். "கப்பல் விற்கும் வரை, அல்லது வேறொருவர் கையெழுத்திடும் வரை இறங்கக் கூடாது" என்பது இரண்டாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. மற்ற இருவரும் அன்று மத்தியானப் படகிலேயே போய்விட்டார்கள். போகும்போது இரண்டு பேரும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அப்போதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை, பார்.

என் பாஸ்போர்ட் அந்தக் கிளார்க்கின் மேசை டிராயரில் இருக்கிறது. மாதம் ஒரு முறை அவருக்குப் போன் போட்டுக் கெஞ்சுகிறேன். "நீங்கதானே சார் அவ்வளவு சந்தோஷமா போட்டீங்க?" என்கிறார்.

இரண்டாவது கேள்வி. அக்காவின் இதய வால்வு. ஆபரேஷனை முப்பதாம் தேதிக்கு மேல் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அவளோ சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்து, "என் தம்பி வந்து வெளியில உக்காந்தாத்தான் நான் உள்ள போவேன்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டாளாம். எங்கள் குடும்ப லட்சணத்தைப் பார். படிக்காமல் போட்டுவிட்டு ஒருவன் மாட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு வரி விடாமல் படித்துவிட்டுப் போடமாட்டேன் என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் கேட்பதில் நியாயம் உண்டு. எனக்குப் பன்னிரண்டு வயதில் குடல்வால் எடுத்தபோது ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பகல் முழுக்க அவள்தான் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை என்று நர்ஸ் சொன்னார். இதற்கு மேல் இந்தக் கேள்வியை இன்று எழுத முடியவில்லை. அடுப்பில் ஏதோ கருகுகிறது. அடுப்பே பற்ற வைக்கவில்லை என்று நீ கண்டுபிடித்தால் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடு.

நங்கூரத்துக்கு வருவோம். பூமிக்கடியில் சுரங்கம் மாதிரி தோண்டி, சுவரில் அடுக்கடுக்காகப் புதைத்து வாயை அடைத்த கற்கள் அவை, கிறிஸ்தவம் பிறந்து சில தலைமுறைக்குள் வெட்டியவை, சிலுவையை வெளிப்படையாக வரைய ஆரம்பிப்பதற்கு முன்பே நங்கூரம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். சிலவற்றில் இரண்டு பக்கமும் மீன் இருக்கிறதாம். பிறகு சிலுவை தைரியமாக வெளியே வந்ததும் நங்கூரம் மெல்ல மெல்லக் காணாமல் போய்விட்டதாம். உங்கள் அதிகாரி, "குறுக்குக் கட்டை தெரியுது பாரு, இது மறைச்சு வச்ச சிலுவைதான். அப்படியே எழுது" என்கிறார். நீயோ ஸ்கேலை வைத்துக் கல்லைக் கோடு கோடாக வரைந்துவிட்டு, கீழே இரண்டு வரி எழுதக் கை வராமல் மாமாவைக் கேட்கிறாய். சரியான இடத்துக்குத்தான் வந்தாய். அந்தச் சம்பவம் நடந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். எழுதிக்கொள்.

செத்துப்போனவன் ஒரு கப்பல் சமையல்காரன். அவ்வளவு பெருமைக்கு வேறு யார் தகுதி? அவன் மனைவி கல்தச்சரிடம் போனாள். அவர் ஒரு சாண் கல்லை நீட்டி, இதில் என்ன வெட்டட்டும் என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள்: பெயர், அவன் போன துறைமுகங்கள் நாற்பத்தேழு, அவன் கிண்டிய கஞ்சி, அவன் கோபம், அவன் அளந்த பொய்கள். கல்தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, இந்த ஒரு சாண் கல்லுல உங்க வீட்டுக்காரர் வாயே அடங்காதே!" என்றார். அவளுக்கு வந்ததே கோபம். "ஆமாய்யா, கல்யாணம் ஆகி இருபது வருஷத்துல ஒரு வாரம் முழுசா வீட்ல தங்கல. இப்பவாவது எங்கயும் போகாம கெடக்கட்டும். ஒரு நங்கூரத்தப் போடு!" என்றாள். அவர் போட்டார். அதைப் பார்த்து அவள், புதைத்த நாளுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள். மறுநாள் காலை கல்தச்சர் வாசலில் மூன்று மைல் வரிசை. மாலுமி வீட்டார், மாவு அரைப்பவர் வீட்டார், கடலையே பார்க்காதவர்கள் எல்லாம் நங்கூரம் கேட்டார்கள். ஆதாரம் கேட்காதே. ஆதாரம் நான்தான்.

இனி அளப்பை நிறுத்திவிட்டுத் தொழில் பேசுகிறேன். அந்தக் குறுக்குக் கட்டை ஒளித்து வைத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அது எதற்கு என்று தெரியும். கல்லில் எல்லாம் தட்டையாகத் தெரிகிறது. நிஜ நங்கூரத்தில் மேலே இருக்கும் கட்டை கிழக்கு மேற்காக இருந்தால், கீழே இருக்கும் கொக்கிகள் தெற்கு வடக்காக இருக்கும். நங்கூரம் கடலடியில் விழும்போது சோம்பேறி மாதிரி பக்கவாட்டில் படுத்துக்கொள்ளப் பார்க்கும். கட்டை அதைப் படுக்க விடாது. புரட்டிப் போடும். ஒரு கொக்கி தரையில் குத்தும். அப்புறம் கப்பல் இழுக்க இழுக்க அது இன்னும் ஆழமாக மண்ணைக் கவ்வும். உலகத்தில் மண்ணைக் கவ்வி ஜெயிக்கிற ஒரே பிறவி நங்கூரம்தான். ஆக, உங்கள் அதிகாரியிடம் சொல்: அலங்காரத்துக்கு வைத்த கட்டை இல்லை அது. அது இல்லாவிட்டால் நங்கூரம் வெறும் இரும்பு. அதில் சிலுவையைப் பார்த்தவர்கள் பார்த்திருக்கலாம், நன்றாகவே பார்த்திருக்கிறார்கள் என்பேன்.

அர்த்தம்? படகுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவரைக் கேட்டேன். "நம்பிக்கைங்க. பைபிள்ல அந்தக் காலத்துக் கடிதம் ஒண்ணுல, நம்பிக்கைதான் உயிருக்கு நங்கூரம்னு எழுதியிருக்கு" என்றார். எனக்கு எரிச்சல். "ஐயா, நான் பதினொரு மாசமா இந்தச் சங்கிலிய முறைச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு இது ஜெயில் பூட்டு. இதுல என்ன நம்பிக்கை?" என்றேன். அவர் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டே, "அவங்க அதக் கடல்ல போடல. திரைக்கு அந்தப் பக்கம், கடவுள் இருக்குற, கண்ணு எட்டாத இடத்துல போட்டாங்க" என்றார். என்னுடையதும் கண் எட்டாத இடத்தில்தான் கிடக்கிறது, சேற்றில், என்றேன். "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்குக் கத்துறீங்க" என்று சொல்லிவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். ஒரு பேரரசரிடம் பேசுகிற பேச்சா இது?

பதினைந்தாம் தேதி, புதன்கிழமை

நேற்றுக் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்த காற்றைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. காற்று என்றால், கரையிலிருந்த கோழி ஒன்று பறந்து வந்து என் டெக்கில் விழுந்து, இது எந்த ஊர் என்று கேட்டது. அலை ஒவ்வொன்றும் ஏழு மாடி. எட்டாவது மாடிக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. எப்போதும் எனக்கு நேராக இருக்கும் கடை வாசல், மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. கடை நகராது. நகர்வது நான்தான் என்று புரிய எனக்கு ஒரு தம்ளர் டீ குடிக்கும் நேரம் ஆனது. நங்கூரம் பிடி விட்டு, கப்பல் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

முன்தளத்தில் சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஒன்று உண்டு. மின்சாரம் தேவையில்லை, ஒரு இரும்புச் சக்கரத்தைத் திருகினால் தளரும், சங்கிலி ஓடும். கரண்டியைத் தவிர வேறு எதையும் பிடிக்காதவன் என்று என்னைக் கேலி செய்வாயே, முப்பது வருஷமாக அடுத்தவர்கள் அதைத் திருகுவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பிடி விட்ட நங்கூரத்துக்கு வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் சங்கிலி விட வேண்டும். நீளம் கூடினால் சங்கிலி கடல்தரையில் படுத்துக்கொள்ளும், அப்போது இழுப்பு மேல்நோக்கி இல்லாமல் தரையோடு போகும், நங்கூரம் கவ்வும். போதுமான அளவு ஓடியதும் சக்கரத்தை இறுக்கிவிட வேண்டும். இறுக்காமல் விட்டால் சங்கிலி முழுக்க ஓடி, கடைசிக் கண்ணியும் பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போய்விடும். கப்பல் கரையில் ஏறி மணலில் உட்கார்ந்துவிடும்.

கரையில் உட்கார்ந்த கப்பலிலிருந்து இறங்குவதற்கு யார் கையெழுத்து வேண்டும்? செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போய், கிளார்க்கின் டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, முப்பதாம் தேதிக்குள் அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடலாம். காற்று தள்ளியது, சங்கிலி அறுந்தது, பாவம் சமையல்காரன் என்ன செய்வான் என்றுதான் உலகம் சொல்லும்.

எனக்கும் கரைக்கும் நடுவில், காற்றுக்குப் பயந்து ஒன்றோடொன்று கட்டிப் போட்ட பதினான்கு படகுகள் இருந்தன. தண்ணீர்ப் படகும் அதில் ஒன்று. படகுக்காரரின் மனைவியும் இன்னும் நாலைந்து பேரும் அதற்குள் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏ சமையலு! என்னய்யா வேடிக்கை? எதையாவது பண்ணு!" என்று கத்தினார். பேரரசர் என்று கூப்பிட்டிருந்தால் இன்னும் சுறுசுறுப்பாகப் பண்ணியிருப்பேன்.

பண்ணினேன். சக்கரத்தைத் திருகினேன். சங்கிலி ஓடிய சத்தத்தில் உங்கள் ஊரில் ஜன்னல் அதிர்ந்திருக்க வேண்டும், விசாரித்துப் பார். துருப்பொடி செந்தூளாகப் பறந்து நான் செம்பட்டை முடிக்காரனாகிவிட்டேன். பிறகு இறுக்கினேன். கப்பல் ஒரு முறை முழுசாகக் குலுங்கிவிட்டு நின்றது. முதல் படகுக்கும் எனக்கும் நடுவில், நீ வரைகிற பென்சில் ஒன்றை நிறுத்தி வைக்கும் இடம்தான் இருந்தது. சரி, ஒரு வீடு கட்டும் இடம்.

மத்தியானம் காற்று அடங்கியது. கடை மறுபடி நேராக நிற்கிறது, கொஞ்சம் கிட்டத்தில். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த முன்னேற்றம்.

அதற்குப் பிறகு உன் கல்லைப் பற்றி நிறைய யோசித்தேன். நங்கூரம் இரண்டு சமயத்தில்தான் போடுகிறார்கள். வந்து சேர்ந்துவிட்டபோது, அல்லது மேலே போக வழியில்லாதபோது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஒரு சங்கிலி தண்ணீருக்குள் போகிறது, அவ்வளவுதான். அந்தச் சுரங்கத்துக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கும், தங்கள் ஆள் எந்தச் சமயத்தில் போட்டான் என்று தெரிந்திருக்காது. வந்து சேர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு வெட்டினார்கள். உன் இரண்டு வரியில் இதற்கு இடம் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் அதிகாரி சொன்னதையே எழுதிவிட்டு உன் சாப்பாட்டைப் பார்.

இப்போது உன் அம்மா. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. கோழி வருகிற இடத்தை இரண்டு முறை படி. நான் கேப்டன் இல்லை, சமையல்காரன்தான், இறங்க முடியாமல் கிடக்கிறேன் என்பதையும் மறைக்காமல் படி. கோபப்படட்டும், கோபம் வந்தால் அவளுக்குத் தெம்பு வரும். பிறகு சொல்: நான் கிட்ட இருந்து பிடித்தால்தான் பிடி என்று நினைத்துவிடாதே அக்கா. சங்கிலி குட்டையாக இருக்கும்போதுதான் நங்கூரம் நழுவியது. நீளமாக விட்டதும் பிடித்துக்கொண்டது. இதை நான் எங்கும் படிக்கவில்லை, நேற்று என் கையால் திருகிப் பார்த்தது. நீ உள்ளே போ. நான் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன். வெளி கொஞ்சம் தூரமாகிவிட்டது, அவ்வளவுதான். முப்பதாம் தேதி காலையிலிருந்து நீ கண் விழித்தாய் என்று செய்தி வரும் வரை நான் இருக்கும் இடத்தைவிட்டு எழுந்திருக்கமாட்டேன். எழுந்து போக இடமும் இல்லை என்பது உனக்கே தெரியும். அன்று முழுக்கப் போனோடு பக்கத்தில் படகைக் கட்டி வைத்திருப்பதாக, காற்று அடங்கியதும் படகுக்காரர் கரையிலிருந்தே கத்தி வாக்குக் கொடுத்திருக்கிறார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடு, அக்கா. உன் கையெழுத்து சின்னதுதான். போட்டுவிடு.

உனக்கு, என் வக்கீலே, கை நடுங்காமல் கோடு வரட்டும். ஆஸ்பத்திரிக் காரிடாரில் தனியாக நிற்கும்போது கால் வலிக்காமல் இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. கான்டீன் சாப்பாட்டைக் குறை சொல்லாதே, சமைத்தவன் எங்கோ யாருக்கோ தாய்மாமன்.

இப்படிக்கு,
இறங்குவதற்கு ஆசையோடு ஏறி நிற்கும்,
உன் மாமா

பின்குறிப்பு: முதலில் சத்தியம் செய்தபடி இதில் எதையும் நம்ப வேண்டாம். வாத்தியம் முழங்கவில்லை, அலை இடுப்பளவுதான், கோழியை நான் பார்க்கவே இல்லை, அந்தக் கல்தச்சரையும் எனக்குப் பழக்கம் இல்லை. ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம், அதையும் நான் சரியாக எழுதாமல் தாண்டிவிட்டேன். சங்கிலி ஓடிக்கொண்டிருந்தபோது, இறுக்க வேண்டிய நேரத்தில், சக்கரத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். படகும் படகுக்காரர் மனைவியும் கண்ணுக்குத் தெரியவில்லை. உன் அம்மா மூடி வைத்த பேனாதான் தெரிந்தது. எத்தனை கண்ணி ஓடியது என்று தெரியாது. பிறகு கையைத் திரும்ப வைத்தேன். எடுத்ததும் வைத்ததும் சேர்த்து ஒரே நிஜம்தான், இரண்டாக எண்ணி மாமாவை யோக்கியனாக்கிவிடாதே. வேறு எதைப் படித்துக் காட்டாவிட்டாலும், இதை மட்டும் அக்காவுக்குப் படித்துக் காட்டு.